பழைய மஹிந்திரா ஃபோர் வீல் ஜீப்புக்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட் தேடுவது: முழுமையான வழிகாட்டி

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்கள், கொல்லிமலை, மேகமலைப் பக்கம் ஓடும் ஜீப்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பெட்டிப் பக்கத்திலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்) பிரச்சினை வரும். ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டான கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தொங்கும், அல்லது குழாயே முறுக்கிக்கொள்ளும். உடனே ஆள் என்ன செய்கிறார்? கடைக்குப் போன் போட்டு, "அண்ணே, எம்.எம்.540 ஷாஃப்ட் இருக்கா?" என்கிறார். கடைக்காரர் இருக்கு என்கிறார். பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து மாட்டினால் நீளம் இடிக்கிறது, இல்லையென்றால் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் முனைத் தட்டு) ஓட்டை பொருந்தவில்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இந்த வண்டிகள் ரோட்டுக்கு வந்து முப்பது, நாற்பது வருஷம் ஆகிவிட்டது. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் போட்டிருப்பார்கள். மூன்று கியர் பெட்டி இருந்த இடத்தில் நான்கு கியர் கே.எம்.டி.90 வந்திருக்கும், சிலவற்றில் ஐந்து கியர் பி.ஏ.10. பின் ஹவுசிங் (அச்சுக் கூடு) வேறொரு வண்டியுடையதாக இருக்கும், சேஸிஸையே நீட்டியிருப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயருக்கும் வண்டிக்கு அடியில் இருப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் இந்த வேலையில் அளவுதான் முதலில், கடை அப்புறம்தான்.

1. போனது ஷாஃப்ட்தானா என்று உறுதி செய்யுங்கள்

முழு ஷாஃப்ட் தேடி அலைகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒரு கிராஸ் மட்டும்தான். வண்டிக்கு அடியில் போய் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து, மேலும் கீழும் ஆட்டுங்கள், அப்புறம் இடம் வலமாகத் திருகுங்கள். கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கப்பில் ஆட்டம் தெரிந்தால், அல்லது கப்பின் விளிம்பைச் சுற்றிச் செந்துரு பொடி படிந்திருந்தால், உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கிராஸ் மாற்றினால் போதும்.

ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியது நான்கு நிலைகளில். குழாய் வளைந்திருந்தால் அல்லது நசுங்கியிருந்தால். கிராஸைப் பிடிக்கும் கவட்டையான யோக்கின் காது விரிந்திருந்தால் அல்லது வெடித்திருந்தால். புதுக் கப் கை விரலால் தள்ளினாலே உள்ளே போகும் அளவுக்கு யோக் ஓட்டை தேய்ந்திருந்தால். ஸ்ப்ளைனில் (ஒன்றுக்குள் ஒன்று நகரும் பல் இணைப்பு) திருகல் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தால்.

மூன்றாவதில் பல பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஓட்டையின் உள்சுவரில் சென்டர் பஞ்சால் வரிசையாகக் குத்தி, மேடு எழுப்பி, கப்பை "டைட்" ஆக்கிக் கொடுப்பார்கள். சர்கிளிப் (கப் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) உட்காரும் காடி போயிருந்தால் கப்பின் மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைப்பார்கள். ஊர் போய்ச் சேர இது உதவும், ஓட்டுவதற்கு உதவாது. குத்தின மேடுகள் சீக்கிரம் நசுங்கிவிடும். வெல்டிங் சூட்டில் கப்பின் பதம் போய்விடும்.

கூடவே பினியனையும் (ஹவுசிங்குக்குள் ஷாஃப்ட் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) பாருங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு ஹவுசிங் பக்கத்து ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் பினியன் பேரிங் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஷாஃப்ட் மட்டும் மாற்றினால், புது ஷாஃப்ட்டும் அதே சத்தம் போடும்.

2. ஏன் போனது என்று கண்டுபிடியுங்கள்

காரணம் அப்படியே இருந்தால் அடுத்த ஷாஃப்ட்டும் போகும். பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்து, நடுப்போல்ட் அறுந்து, ஹவுசிங் பின்னுக்கோ முன்னுக்கோ நகர்ந்திருக்கலாம். இரண்டு பக்கமும் ஹவுசிங்கிலிருந்து ஸ்பிரிங்கின் முன்முனை ஊசி வரை உள்ள தூரத்தை டேப் வைத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். எஞ்சின், கியர்பெட்டி மவுண்ட் ரப்பர் அமுங்கியிருந்தால் கோணம் மாறியிருக்கும். உயரத்துக்காகக் கூடுதல் பட்டை போட்ட வண்டிகளில் கோணமும் நீளமும் இரண்டுமே மாறும்.

இன்னொரு காரணம் ஓட்டும் பழக்கம். இந்த ஜீப்களில் முன் ஷாஃப்ட்டுக்கும் பின் ஷாஃப்ட்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டபடியே காய்ந்த தார் ரோட்டில் வளைந்து வளைந்து இறங்கினால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் சுற்றும். அந்த வித்தியாசம் முழுவதும் முறுக்காக ஷாஃப்ட்டிலும் கிராஸிலும்தான் ஏறும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு விடுபடும், தாரில் விடுபட வழியில்லை.

3. கீழே படுப்பதற்கு முன்

மற்ற வேலைகளை விட இதில் ஒரு ஆபத்து கூடுதல். அதைத் தெரியாமல் அடியில் போகாதீர்கள்.

வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது எப்படி வேலை செய்கிறது? எஞ்சின் பிடிக்கிறது, அந்தப் பிடி ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஷாஃப்ட்டைக் கழற்றியதும் அந்தப் பிடி போய்விடும். சரி, ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்றால், அமெரிக்க வில்லிஸ் ஜீப் வழிவந்த பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பெட்டியின் சுழற்சியை முன், பின் ஷாஃப்ட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின் அவுட்புட்டில் இருக்கிறது. பின் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்ச் அந்த டிரம்மோடு சேர்த்துத்தான் முடுக்கப்பட்டிருக்கும். அதாவது ஷாஃப்ட் கழன்ற நொடியில் கியரும் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் இல்லை. மலை ஊரில் சரிவில் நிறுத்தி இந்த வேலையைச் செய்தால் கடைசிப் போல்ட் கழன்றதும் வண்டி உருளும், நீங்கள் அடியில் இருப்பீர்கள்.

ஆகவே சமதரை, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும்.

மற்றபடி தேவையானவை: ஸ்டீல் டேப், ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர் காலிப்பர், கம்பி பிரஷ், கொஞ்சம் டீசல், வெள்ளைப் பெயிண்ட் அல்லது சாக்பீஸ், உளி, போனில் மட்டம் பார்க்கும் ஆப். வெர்னியர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. கடனாவது வாங்குங்கள்.

4. கழற்றும்போது குறி போடுங்கள்

ஷாஃப்ட் முழுசாக இருந்தால் மூன்று இடத்தில் குறி வேண்டும்: முன் ஃபிளாஞ்ச் ஜோடி, பின் ஃபிளாஞ்ச் ஜோடி, நடுவில் ஸ்லிப் (ஸ்ப்ளைனில் உள்ளே வெளியே நகரும் பகுதி) சேரும் இடம். பெயிண்ட் டீசலில் கழுவினால் போய்விடும், அதனால் உளியால் சின்னதாக ஒரு கோடும் வையுங்கள்.

பழைய ஷாஃப்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், பழைய இரும்புக்கும் போடாதீர்கள். உடைந்து இரண்டு துண்டானாலும் அதன் யோக்கும் ஃபிளாஞ்சும்தான் கடையில் உங்களுக்குச் சாட்சி.

எந்த ஷாஃப்ட் என்று தெளிவாகச் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். மஹிந்திரா ஜீப்பில் முன் ஒன்று, பின் ஒன்று. பக்கத்து வீட்டில் மாருதி ஜிப்சி இருந்தால் அதில் மூன்று: கியர்பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே குட்டியாக ஒன்று உண்டு. "ஜிப்சி ஷாஃப்ட்" என்று மொட்டையாகக் கேட்டு, தேவையில்லாததை வாங்கி வந்தவர்கள் உண்டு.

5. நீளம்: இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள்

கழற்றிய ஷாஃப்ட்டைத் தரையில் வைத்து அளந்தால் அது நீளம் ஆகாது. ஸ்லிப் உள்ளே வெளியே நகரும் பொருள், நீங்கள் எங்கே விட்டீர்களோ அந்த நீளம்தான் டேப்பில் வரும். அளக்க வேண்டியது வண்டியை, அதுவும் மூன்று நிலையில்.

முதல் நிலை, வண்டி தன் நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கும்போது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சின் முகத்திலிருந்து ஹவுசிங் ஃபிளாஞ்சின் முகம் வரை. ஃபிளாஞ்ச் இல்லாமல் நேரடியாக யோக்கில் கிராஸ் உட்காரும் வகை என்றால், யோக் ஓட்டையின் நடுவிலிருந்து எதிர் யோக் ஓட்டையின் நடு வரை. இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு பக்கம் முகம், மறு பக்கம் நடு என்று இருந்தால் அப்படியே சீட்டில் எழுதுங்கள். வெறுமனே "நீளம் 640" என்று எழுதினால் பட்டறைக்காரர் தன் வழக்கப்படி புரிந்துகொள்வார்.

இந்த வில்லிஸ் வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் அவுட்புட் வண்டியின் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். ஷாஃப்ட்டும் பக்கவாட்டில் கொஞ்சம், கீழ்நோக்கிக் கொஞ்சம் என்று சாய்ந்து போகும். தரையோடு இணையாக அளக்கக் கூடாது, ஷாஃப்ட் போகும் சாய்விலேயே டேப் போக வேண்டும். தனியாக இருந்தால் இரண்டு ஒல்லியான சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, இரண்டு முனையும் இரண்டு ஃபிளாஞ்சைத் தொடும் வரை நகர்த்தி, வெளியே எடுத்து அளங்கள். டேப் தொய்வதை விட இது சரியாக வரும்.

இரண்டாவது நிலை, சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஹவுசிங் தொங்கும்போது. மூன்றாவது, முழுப் பாரத்தில் அமுங்கும்போது. மூட்டையோ ஆளோ ஏற்றி, பம்ப் ரப்பரை ஹவுசிங் தொடும் அளவுக்கு அருகே கொண்டுவந்து அளப்பது நல்லது. பாரம் ஏற்றியபின் வெளியிலிருந்து கை நீட்டித்தான் அளக்க வேண்டும், அடியில் போகக் கூடாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். நிற்கும்போது 640 மி.மீ., தொங்கும்போது 652, அமுங்கும்போது 626 என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட்டை முழுசாக உள்ளே தள்ளினால் அதன் நீளம் 626-ஐ விடக் குறைந்தது 20 மி.மீ. சின்னதாக, அதாவது 606-க்குள் இருக்க வேண்டும். 652-க்கு இழுக்கும்போதும் ஸ்ப்ளைன் அதன் விட்டம் அளவுக்காவது உள்ளே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

காரணம் எளிது. ஸ்லிப்புக்கு உள்ளே இடம் இல்லாவிட்டால், பள்ளத்தில் வண்டி அமுங்கும்போது ஷாஃப்ட் முட்டுக்கட்டையாகி டிரான்ஸ்ஃபர் கேஸின் அவுட்புட் பேரிங்கையும் பினியன் பேரிங்கையும் குத்தும். வெளியே பிடி போதாவிட்டால், ஒரு சக்கரம் குழியில் தொங்கும்போது ஸ்ப்ளைன் கழன்று ஷாஃப்ட் ரோட்டில் அடிக்கும். முன் ஷாஃப்ட்டில் கழன்று, அந்த முனை தரையில் ஊன்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரே மாதிரிப் பெயர் உள்ள வண்டிகளிலும் வீல்பேஸ் வித்தியாசப்படும் என்பதால் இன்னொரு அளவும் எடுங்கள்: முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை. பழைய சின்ன ஜீப் மாடலான சி.ஜே.3பி-யின் அசல் வீல்பேஸ் 80 அங்குலம். உங்கள் வண்டி அதே முகத்தோடு இருந்து, டேப் 90-க்கு மேல் காட்டினால், யாரோ நீட்டிய சேஸிஸ் அல்லது நீள மாடல். கடைக்காரருக்கு இந்த ஒரு எண் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

6. கிராஸ், ஃபிளாஞ்ச், ஸ்ப்ளைன்

கிராஸில் இரண்டு அளவு வேண்டும்: கப்பின் வெளிவிட்டம், ஒரு கப்பின் வெளிமுனையிலிருந்து எதிர்க் கப்பின் வெளிமுனை வரை உள்ள அகலம். இந்த வண்டிகளில் வருபவை பெரும்பாலும் ஸ்பைசர் கம்பெனி வழி அளவுகள். சர்கிளிப் வெளியே உட்காரும் வகையில் 1310 சீரிஸ் என்றால் கப் 27 மி.மீ., அகலம் 81.8 மி.மீ. 1330 என்றால் கப் அதே 27, அகலம் 92.1. 1350-க்குக் கப் 30.2, அகலம் 92.1.

இதைக் கவனமாகப் பாருங்கள். 1310-க்கும் 1330-க்கும் கப் ஒன்றுதான், அகலம் மட்டும் வேறு. 1330-க்கும் 1350-க்கும் அகலம் ஒன்றுதான், கப் வேறு. ஒரே ஒரு அளவு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். பழைய கப்பை மட்டும் கையில் காட்டி "இதே மாதிரி" என்றால் இரண்டில் எது வேண்டுமானாலும் வரலாம். உங்கள் அளவு இந்த மூன்றிலும் வராவிட்டால் பயப்பட வேண்டாம், வந்த அளவை அப்படியே எழுதுங்கள். வேறு சீரிஸாக இருக்கும்.

சர்கிளிப் எங்கே உட்காருகிறது என்பதையும் எழுதுங்கள். சில கிராஸில் யோக்கின் வெளிப்பக்கக் காடியில், சிலவற்றில் கப்பின் உள்பக்கம் யோக்குக்கு உள்ளே. உள்ளே உட்காரும் வகைக்கு அகலத்தைக் காடியிலிருந்து காடி வரை அளக்க வேண்டும்.

ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஒரே கிராஸ்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஹவுசிங் மாற்றிய வண்டியில் முன்முனை ஒரு சீரிஸ், பின்முனை இன்னொரு சீரிஸ் என்று இருக்கும். இரண்டு முனையையும் தனித்தனியாக அளங்கள்.

ஃபிளாஞ்சில் நான்கு விஷயம்: எத்தனை ஓட்டை, எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை தூரம், ஓட்டையின் விட்டம், நடுவில் எழுந்து நிற்கும் மேட்டின் அல்லது அதற்கான குழியின் விட்டம். கடைசியானதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஷாஃப்ட்டை நடுவில் நிறுத்துவது அந்த மேடுதான், போல்ட் அதை இறுக்கிப் பிடிக்க மட்டும். போல்ட் ஓட்டை பொருந்தி, மேடு பொருந்தாத ஃபிளாஞ்சை மாட்டினால் ஷாஃப்ட் மயிரிழை தள்ளிச் சுற்றும், எந்தப் பட்டறையில் பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது.

ஸ்ப்ளைனில் பற்களை எண்ணி, வெளிவிட்டம் எடுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும்.

குழாயின் வெளிவிட்டமும் வேண்டும். தடித்த குழாய் வலுவானது என்று வாங்கிவிட்டு, அது சைலன்ஸரிலோ குறுக்குச் சட்டத்திலோ உரசுவதைப் பார்த்திருக்கிறேன். முன் ஷாஃப்ட்டுக்கு எஞ்சின் சம்ப் பக்கம் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று வண்டியிலேயே பாருங்கள்.

கடைசியாகக் கோணம். போனை டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சின் முகத்தில் வைத்து எத்தனை டிகிரி என்று பாருங்கள், பிறகு ஹவுசிங் ஃபிளாஞ்சில். இரண்டு முகமும் ஏறக்குறைய இணையாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருப்பது நல்லது. கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதே கோணத்தில் எதிராக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அங்கே சமன் ஆகிவிடும். கோணம் ஒத்துப்போகாவிட்டால், ஷாஃப்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டி உறுமும்.

7. சீட்டு எழுதுங்கள், படம் எடுங்கள்

மேலே எடுத்ததெல்லாம் ஒரே தாளில். எந்த ஷாஃப்ட், எந்த கியர்பெட்டி, வீல்பேஸ், மூன்று நீளம், இரண்டு கிராஸ், இரண்டு ஃபிளாஞ்ச், ஸ்ப்ளைன், குழாய். ஃபிளாஞ்சின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். ஸ்கேல் இல்லாத படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினால் கடைக்காரருக்கு ஒரு பயனும் இல்லை.

8. எந்த வரிசையில் தேடுவது

முதலில் உங்கள் பழைய ஷாஃப்ட்டையே சரி செய்ய முடியுமா என்று ஒரு நல்ல லேத் பட்டறையில் காட்டுங்கள். யோக்கும் ஸ்ப்ளைனும் நன்றாக இருந்து குழாய் மட்டும் போயிருந்தால், குழாயை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் நிச்சயமான வழி. இரண்டு முனையும் உங்கள் வண்டிக்கு ஏற்கெனவே பொருந்தியவை என்பதால் பொருத்தப் பிரச்சினையே வராது. பலர் இதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள்.

இரண்டாவது, பக்கத்து ஊர் ஜீப் மெக்கானிக்குகள். மலை அடிவார ஊர்களில் ஒவ்வொரு ஜீப் பட்டறையின் மூலையிலும் இரண்டு மூன்று பழைய ஷாஃப்ட் சாய்ந்திருக்கும். எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதும் அவருக்கு நினைவிருக்கும். மார்க்கெட்டில் அந்தத் தகவல் கிடைக்காது.

மூன்றாவது, பெரிய ஊர் மார்க்கெட். சென்னை என்றால் பழைய உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை, புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கோவைக்காரர்களுக்கு உக்கடம். போகும்போது பழைய ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றிக் கையோடு கொண்டு போங்கள். முதல் கடையில் "மேஜர் ஷாஃப்ட் வேணும்" என்று மாடல் பெயரில் ஆரம்பிக்காமல், ஷாஃப்ட்டைக் கீழே வைத்து, "அண்ணே, இந்த ஃபிளாஞ்ச், இந்தக் கிராஸ், மூடினா 606-க்குள்ள வரணும்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உள்ளே போய்த் தேடும் விதமே மாறும். நீளம் அதிகமாக உள்ளது கிடைத்தாலும் முனைகள் சரியாக இருந்தால் வாங்கலாம், குழாயை வெட்டிக் குறைக்க முடியும். நீளம் சரியாக இருந்து முனைகள் தவறு என்றால் வேண்டாம்.

நான்காவது வடக்கே. டெல்லி மாயாபுரி, ஹரியானாவின் மண்டி டப்வாலி பக்கம் ஜீப் சாமான் நிறைய கிடைக்கிறது. ஆனால் கண்ணால் பார்க்காமல் பார்சலில் வாங்கும்போது, பணம் போடுவதற்கு முன்பு வெர்னியரை வைத்துக் காட்டிய படம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

புது ஷாஃப்ட்டாகவே முழுசாகக் கிடைத்தாலும் அளவுச் சீட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் பில் போடச் சொல்ல வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் மாடல் பெயர் மாற்றம் செய்யாத வண்டிக்கானது.

9. கடையில் வைத்தே சோதியுங்கள்

பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக இருப்பதை முதலில் ஓரம் வையுங்கள், பெயிண்டுக்கு அடியில் நசுங்கலுக்கு பட்டி பூசியிருக்கலாம். விரல் நகத்தால் குழாய் முழுவதும் தடவிப் பாருங்கள். பேலன்ஸ் எடைத் துண்டு ஒட்டியிருந்த இடத்தில் வெறும் வெல்டிங் தழும்பு மட்டும் இருந்தால், எடை விழுந்துவிட்டது.

ஸ்லிப்பைப் பாதி வெளியே இழுத்து, இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் திரும்பக் கொடுங்கள், ஸ்ப்ளைன் தேய்மானத்தைச் சரி செய்ய வழி இல்லை. ஒரு கிராஸையாவது கழற்றிக் காட்டச் சொல்லி, யோக் ஓட்டையையும் சர்கிளிப் காடியையும் பாருங்கள். முன்பு சொன்ன பஞ்ச் குத்துத் தடம் தெரிந்தால் அந்த யோக் முடிந்த கதை.

பக்கத்தில் லேத் இருந்தால் சென்டர்களில் மாட்டி டயல் கேஜ் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். குழாய் நடுவில் ஊசி அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நான் வாங்குவதில்லை.

10. வெட்டி இணைப்பதும் பேலன்ஸும்

நீளத்தைக் குறைப்பது, குழாய் மாற்றுவது இரண்டுக்கும் முறை ஒன்றுதான். பழைய வெல்டிங்கை லேத்தில் கடைந்து எடுத்து, யோக்கை வெளியே தட்டி, புதுக் குழாயில் இறுக்கமாக அடித்து இறக்க வேண்டும். நான்கு பொட்டு வைத்து, டயல் கேஜில் பார்த்து, நேராக்கி, அப்புறம்தான் சுற்றிலும் வெல்டிங். குழாயை நடுவில் வெட்டி, முனையோடு முனை ஒட்டித் தருகிறேன் என்று ஒரு பட்டறை சொன்னால் ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தண்ணீர்க் குழாய் கடையில் வாங்கிய ஜி.ஐ. பைப்பைப் போடும் வழக்கமும் இருக்கிறது. சுவர்த் தடிமன் ஒரே சீராக இருக்காது, முறுக்கத்துக்காகச் செய்ததும் இல்லை. வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் புகை வேறு. பழைய குழாயின் விட்டமும் தடிமனும் உள்ள, ஷாஃப்ட்டுக்கென்றே வரும் குழாயைக் கேளுங்கள்.

வெல்டிங்குக்கு முன் இரண்டு முனை யோக்கின் காதுகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். சமதளத்தில் ஷாஃப்ட்டை வைத்தால் இரண்டு காதும் ஒன்றாகப் படுக்க வேண்டும். கோணம் பற்றிச் சொன்ன அந்த இரட்டை ஏற்ற இறக்கம், காதுகள் ஒரே கோட்டில் இருந்தால்தான் சமன் ஆகும்.

பேலன்ஸ் தேவையா, ஜீப் என்ன வேகமாகவா போகிறது என்று கேட்பார்கள். கணக்குப் போடுவோம். சி.ஜே.3பி-யில் கிரவுன் பினியன் விகிதம் 5.38. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. 6.00-16 டயரில் மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்று. அந்த வேகத்தில் சின்ன எடை வித்தியாசமும் கியர்பெட்டியின் பின் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும். நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் பேலன்சிங் மெஷின் உள்ள பட்டறையைத் தேடுங்கள். புதுக் கிராஸ், ஸ்லிப், எல்லாம் மாட்டி முழுசாகத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். இறக்கியதும் ஸ்லிப் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டுவிடுங்கள். பிரித்து ஒரு பல் மாற்றி மாட்டினாலும் செய்த பேலன்ஸ் வீண்.

11. மாட்டுவது

ஃபிளாஞ்ச் முகங்களைக் கம்பி பிரஷால் தேய்த்து, பெயிண்டும் துருவும் இல்லாமல் பளிச்சென்று ஆக்குங்கள். இடையில் ஒரு செதில் இருந்தாலும் ஷாஃப்ட் சாய்ந்து உட்காரும். போல்ட் பழையது வேண்டாம்: 8.8-க்குக் குறையாத ஹைடென்சில் போல்ட், புது நைலாக் நட்டு. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

கிரீஸ் நிப்பிள்கள் கிரீஸ் கன் நுழையும் பக்கம் பார்த்திருக்கிறதா என்று மாட்டும்போதே கவனியுங்கள். மாட்டியபின் தெரிந்தால் மறுபடி எல்லாம் கழற்ற வேண்டும். கிராஸின் நான்கு சீலிலும் கிரீஸ் பிதுங்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கப் காய்ந்தபடியே ஓடும், தளர்த்தி மறுபடி அடியுங்கள்.

மாட்டி முடித்ததும் வண்டியைத் தூக்கி ஹவுசிங்கைத் தொங்கவிட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கக் கூடாது.

ஷாஃப்ட் வரும்வரை வண்டி நகர வேண்டுமே என்றால்: பின் ஷாஃப்ட் போயிருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபோர் வீல் போட்டு முன் சக்கரத்தில் மெதுவாக வீடு வரலாம். முன்னே லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் பூட்ட வேண்டும். லோ கியர் போடாதீர்கள், மொத்த இழுவையும் முன் கிராஸில் ஏறும். நிறுத்தும் இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இறங்காதீர்கள், காரணம் மூன்றாவது பகுதியில் உண்டு.

12. ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் 20, பிறகு 40, பிறகு 60. ஒவ்வொரு வேகத்திலும் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் கேளுங்கள்.

வேகம் கூடக்கூட நடுக்கம் கூடி, ஆக்சிலரேட்டரை விட்டாலும் அதே வேகத்தில் அதே நடுக்கம் இருந்தால், பேலன்ஸ் அல்லது வளைந்த குழாய். ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒரு முறை அடிக்கும் நடுக்கம் அது. ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும், அல்லது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உறுமினால் கோணத்தையும் யோக் காதுகளின் நேரையும் பாருங்கள், அது சுற்றுக்கு இரண்டு முறை அடிப்பது. கிளட்ச் விடும்போது "டக்" என்று ஒரே ஒரு சத்தம் என்றால் ஃபிளாஞ்ச் போல்ட், ஸ்ப்ளைன், அல்லது கிரவுன் பினியன் ஆட்டம்.

பேலன்ஸ்தான் என்று சந்தேகம் இருந்தால் குழாயின் ஹவுசிங் பக்க முனையில் ஒரு ஹோஸ் கிளிப் மாட்டி, அதன் திருகுத் தலையை ஒவ்வொரு முறையும் கால் சுற்று நகர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் நடுக்கம் குறைந்தால் சந்தேகம் உறுதி. கிளிப்போடு ஓட்டிக்கொண்டிருக்காமல் மறுபடி மெஷினுக்கு அனுப்புங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் எட்டுப் போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புது முகங்கள் உட்காரும்போது முடுக்கம் கொஞ்சம் தளரும். ஓடையில் இறங்கி ஏறும் வண்டி என்றால் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறைக்கும் பிறகு கிராஸுக்கும் ஸ்லிப்புக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும்.